இந்தக் கார் ஆருக்குப் பிடிக்காது?

தீவுப்பகுதியில் நான் கண்ட மனிதர்களில் ஆகப் பயந்தவர் அவர்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவரே சொல்லித் திரிந்த சங்கதி இது. "எனக்குப் பயமாக் கிடக்கு" என்று எங்கள் ஊர் ஆம்பிளைகள் சாகக் கிடந்தாலும் சொல்லமாட்டார்கள். அவர் கடையில் தேத்தண்ணி கேட்கிற மாதிரிச் சொல்லுவார். அந்த மனிதர்தான் வேலணையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்துகொண்டு, பெடியன்களின் சின்ன ஜப்பான் கார்களை வாலில் வெடி கட்டின மாதிரிப் பாய வைத்துக்கொண்டிருந்தார். இதைக் கேள்விப்பட்ட நாளில் நான் நம்பவில்லை.

நயினாதீவுக்குப் போவதென்றால் குறிகாட்டுவான் துறையில் படகு வருவதற்கு முன்பே பாதுகாப்பு அங்கியை வாங்கிப் போட்டுவிடுவார். பட்டுவேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மேலே செம்மஞ்சள் அங்கி. சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பாரே தவிர அங்கியைக் கழற்றமாட்டார். தென்னை மரத்துக்குக் கீழே அவர் நின்று யாரும் கண்டதில்லை. மழைக்காலத்தில் தூரத்தில் எங்கேயோ இடி உறுமினால் போதும், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மடிக்கணினியைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். கார்களைப் பறக்க வைக்கிறவருக்குச் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள். அதற்கும் இரண்டு பக்கமும் கண்ணாடி.

ஊரில் சும்மா இருப்பார்களா? வெளிநாட்டில் கார் திருத்துகிற கராச்சில் வேலை செய்தபோது பக்கத்தில் நின்ற சிநேகிதன் எரிந்து போனான் என்று ஒரு கதை. செல்லடிக்குள் பதுங்கு குழி மூடிப்போய் ஒரு பகல் முழுக்கக் கிடந்தவராம் என்று இன்னொரு கதை. ஒருநாள் நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அண்ணை, உங்களுக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை தங்கச்சி," என்றார். "நடக்காமலே எனக்குப் பயம்."

அவரை எனக்குத் தெரிய வந்தது சண்டையில்தான். என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறவர், வெற்றிலைகூடப் போடாத மனிதர். அவருக்கு இருந்த ஒரே ஒரு பைத்தியம் கார். கொழும்பிலிருந்து பழைய சின்னக் காரொன்றை எடுத்துவந்து, அதற்குப் பெரிய டர்போ ஒன்றைப் பூட்டுவித்தார். வன்னிப் பக்கத்தில் ஒரு கழகம் நடத்துகிற நேரோட்டப் போட்டியில் ஓடவேண்டும் என்பது அவர் ஆசை. எங்களுக்கு அப்போது மகள் பிறந்து தவழத் தொடங்கியிருந்தாள். முற்றத்தில் அந்தக் கார் உறுமும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவேன். ஒளிக்காமல் சொல்கிறேன், நான் விதவையாகப் போகிறேன் என்றே நினைத்தேன். வேலணையில் ஒருவர் இந்தக் காருக்கு இன்னும் வேகம் ஏற்றப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், பிள்ளையை மாமாவிடம் குடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனேன், நாலு கேள்வி நறுக்கென்று கேட்பதற்கு.

நான் வாய் திறக்கும் முன்பே அவர் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"வாரும் தங்கச்சி, இரும். நீர் வருவீரெண்டு எத்தினை நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"நான் ஏன் வந்தனானெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"இந்தக் காரை உமக்குப் பிடிக்காது. அதுக்குத்தான் கூப்பிட்டனான். தம்பி சொல்லேல்லையே?"

தம்பி சொல்லவில்லை. என் கணவர் ஒரு மூலையில் நின்று நட்டொன்றைத் தேவையில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருடைய வேலை முறை எனக்குத் தெரிய வந்தது. கார் கொண்டுவருகிற எவரிடமும் அவர் கேட்கும் முதற் கேள்வி, "உம்மட வீட்டில இந்தக் கார் ஆருக்குப் பிடிக்காது?" என்பதுதான். அந்த ஆளைக் கூட்டிவந்தால்தான் வேலையில் கை வைப்பார். காரைநகர்ப் பெடியன் ஒருவன் கலியாணம் பேசியிருந்த பெட்டையைக் கூட்டி வந்தானாம். இறுப்பிட்டியிலிருந்து வந்தவன் தகப்பனைக் கூட்டி வந்தானாம். அந்த மனிதர் வேலை முடியும்வரை மகனைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போனாராம். "எல்லாருக்கும் பிடிக்கும் அண்ணை" என்று சொன்ன ஒருவனுக்கு அவர் செய்தே குடுக்கவில்லை. எல்லாருக்கும் பிடித்த கார் ஆபத்து என்றாராம்.

ஏன் அப்படி என்பதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற ஒரு சின்ன விசிறி. காற்றுக் கூடினால் பெற்றோலும் கூட எரியும், கார் பாயும். ஆனால் அமுக்கின காற்றுச் சூடேறும். அந்தச் சூட்டில், எரியவேண்டிய நேரத்துக்கு முந்தியே பெற்றோல் தன்பாட்டில் வெடிக்கத் தொடங்கினால் பிஸ்டனில் ஓட்டை விழும், எஞ்சின் சிதறும். அப்படி வெடிக்கும்போது ஒரு சத்தம் வரும். தாளிதம் போடும்போது கடுகு வெடிக்கிற மாதிரி, அவ்வளவு சின்னச் சத்தம். டர்போ ஊளையிடுகிற இரைச்சலுக்குள் அதைக் கேட்க வேண்டும்.

அதற்காக அவர் எஞ்சினில் ஒரு செப்புக் குழாயைப் பூட்டி, அதிலிருந்து இரப்பர்க் குழாயை உள்ளுக்கு எடுத்து, நுனியில் டொக்டர்மார் காதில் போடுகிற கருவியைக் கொழுவியிருந்தார். அதைத்தான் என் கையில் தந்தார்.

"ஏன் நான்? நீங்கள் கேளுங்கோவன்," என்றேன்.

"கார்ச் சொந்தக்காரனுக்குக் கேக்காது தங்கச்சி. கேட்டாலும் இல்லையெண்டுவான். எனக்கும் சரிவராது. செய்தது நான், என்ர வேலை பிழையெண்டு என்ர காதே ஒத்துக்கொள்ளாது. காரைப் பிடிக்காத ஆளுக்குத்தான் உள்ளது கேக்கும்."

சண்டை பிடிக்கப் போனவள் காதில் குழாயோடு முன்சீற்றில் இருந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் அன்றைக்கு ஓட விடவில்லை. முதலில் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார். பிறகு ரயரைப் பார்த்தார். "நிக்கத் தெரியாததுக்கு ஓடப் பழக்க ஏலாது" என்று சொல்லி இரண்டையும் மாற்றச் சொன்னார். என் கணவருக்கு முகம் தொங்கிப் போயிற்று. வேகத்துக்கு வந்த மனிதரைப் பிரேக் வாங்க யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? எனக்கோ அன்றைக்குத்தான் அந்த மனிதர் மேல் ஒரு பிடிப்பு வந்தது. இந்த உலகத்தில் என்னைவிடப் பயந்த ஒருவர் என் கணவருடைய காரில் கை வைக்கிறார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா!

எஞ்சினுக்குப் பாரம் குடுத்துத்தான் சோதிக்க வேண்டும். மலையேற்றம் இருந்தால் நல்லது. எங்கள் தீவுகளில் மலைக்கு எங்கே போவது, பனையில்தான் ஏறவேண்டும். அவர் தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றைப் பிடித்தார். சோளகம் பெலத்து வீசுகிற நாட்களில், சாட்டிக் கடற்கரைக்கு அப்பால் ஆளரவம் இல்லாத தரவைப் புல்வெளிப் பாதையில், காற்றை நேரே முகத்தில் வாங்கிக்கொண்டு ஓடச் சொல்லுவார். பின்னால் சீமெந்துப் பைகள். அவற்றுக்கு நடுவில் தலைக்கவசமும் பெல்ற்றும் போட்டுக்கொண்டு அவர், மடியில் கணினி. கணவர் ஓட்டுவார். காற்றும் பாரமும் பிடித்து இழுக்க, கார் பெரிய வேகம் இல்லாமலே முழுப் பலத்தையும் போட்டு முக்கும். "விடும், விடும்" என்பார் அவர். பிறகு, போதுமென்று "காணும்!" என ஒரு கத்தல். விடச் சொல்கிற குரலைவிடக் காணும் என்கிற குரல்தான் எப்போதும் பெலத்துக் கேட்கும்.

கடுகுச் சத்தம் கேட்டால் நான் கையைத் தூக்க வேண்டும். முதல் நாள் நான் எல்லாத்துக்கும் தூக்கினேன். அடியில் கல் தெறித்தாலும் தூக்கினேன், ஆட்காட்டிக் குருவி கத்தினாலும் தூக்கினேன்.

"அண்ணை, இவ கல்லுச் சத்தத்துக்கும் கையைத் தூக்கிறா!" என்று கணவர் கொதித்தார்.

"பறவாயில்லை தம்பி. இண்டைக்குக் கல்லுக்கும் குறைப்பம்."

போகப் போக எனக்குக் காது பழகிவிட்டது. உண்மையான கடுகு எது, கல் எது என்று பிரிக்கத் தெரிந்தது. நான் கை தூக்குகிற இடங்களை அவர் கணினியில் குறித்து, எஞ்சினில் இருந்த ஒரு சின்னக் கணினிப் பெட்டிக்கு அந்தச் சத்தத்தைப் படிப்பித்தார். நான் இல்லாத நேரத்திலும் சத்தம் வந்தால், அந்தப் பெட்டி தானாகவே நெருப்பைப் பிந்திப் போட்டு, காற்றையும் குறைத்துவிடும். "இனி உம்மட காது உள்ளுக்குள்ளயே கிடக்கும்" என்றார்.

நான் அந்த அளவில் விட்டேனா? "அண்ணை, இன்னும் குறையுங்கோவன். ஒரேயடியாக் குறைச்சு விடுங்கோ, மாட்டு வண்டி மாதிரிப் போகட்டும்" என்றேன். அவர் என் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று எனக்கு எண்ணம்.

"ஏலாது தங்கச்சி," என்றார். "நெருப்பு முந்தினா பிஸ்டன் போகும். நல்லாப் பிந்தினாலும் கூடாது, புகை போற குழாய் சிவந்து டர்போ எரிஞ்சு போகும். அளவில்லாமப் பயந்தாலும் எரியும். இதுதான் சரியான இடம். இதுக்குக் கீழ எனக்கும் பயம்."

என் பயம் பொதுப் பயம். பேய்க்குப் பயப்படுகிற மாதிரி. அவர் பயம் அப்படியில்லை, எதுக்கு எவ்வளவு என்று அவருக்குக் கணக்கிருந்தது. அன்றைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. முகத்தை நீட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது அவர் இங்கே இல்லை. அவருடைய மகள் கூப்பிட்டு, நோர்வேக்குப் போய்விட்டார். கடல் தாண்டவே அங்கி போட்டவர் எப்படிப் பிளேனில் ஏறினார் என்று ஊரே கேட்டது. போய்ச் சேர்ந்ததும் எங்களுக்கு ஒருக்கால் ரெலிபோன் அடித்தார். "வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான். பெடியள் நல்லாத்தான் செய்து வைச்சிருக்கிறாங்கள்" என்றார். பிளேனைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

இனிப் போட்டிக் கதைக்கு வருகிறேன். அந்த நாளுக்கு அவர் வரவில்லை. "எனக்குப் பாக்கப் பயம், போயிட்டு வந்து சொல்லுங்கோ" என்றுவிட்டார். பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் கணவரும் விடியப் புறப்பட்டோம். பண்ணைப் பாலம் தாண்டும் வரை கணவர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். மைதானத்தில் ஆளுக்கு ஓர் ஓட்டம். என் கணவருடைய முறை வந்தபோது நான் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டேன். கார் அம்பு மாதிரித்தான் கிளம்பியது. பாதித் தூரம் போயிருக்காது, மூச்சுப் பிடித்த மாதிரி இளைக்கத் தொடங்கியது. மிச்சத் தூரத்தை ஆமை வேகத்தில் ஊர்ந்து முடித்தது. எல்லாருக்கும் கடைசி. ஒலிபெருக்கியில் கதைத்தவன், தீவிலிருந்து வந்த கார் வள்ளத்தில் வந்திருக்கலாம் என்று பகிடி விட்டான். சனம் சிரித்தது. நான் மட்டும் கோயில் வாசலில் நிற்கிற மாதிரிக் கை கூப்பிக்கொண்டு நின்றேன்.

பிறகு திரும்பி வந்தோம். கணவர் வீட்டுக்குப் போகவில்லை. காரை நேரே கொட்டகைக்கு விட்டார்.

"அண்ணை, உங்கட பயத்தால நான் அத்தினை சனத்துக்கு முன்னால வெக்கப்பட்டுப் போனன்!"

அவர் கணினியைக் காரில் கொழுவி, ஓட்டத்தைப் பதிந்திருந்த கோடுகளைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. எழும்பிப் போய்ப் பெற்றோல் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். கொஞ்சம் ஒரு தகரப் பேசினுக்குள் எடுத்து, விரலில் தொட்டு மணந்தார்.

"தம்பி, இதுக்குள்ள மண்ணெண்ணெய் கிடக்கு."

மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் அந்தச் சூட்டுக்குத் தாங்காது, முந்தி வெடிக்கும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். "பாதி ஓட்டத்தில கடுகு வெடிக்கத் தொடங்கியிருக்கு. பெட்டி கேட்டிட்டு, காத்தைக் குறைச்சுப்போட்டுது. இல்லாட்டி அந்த வேகத்தில..." என்று சொல்லி நிறுத்தினார். மிச்சத்தை அவர் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் சிதறி, எண்ணெய் ரயருக்குக் கீழே வழிந்து, நெருப்புப் பிடித்து, என்று நான் எத்தனையோ நாள் படுக்கையில் கிடந்து நினைத்துப் பார்த்த காட்சிதான் அது.

"குறைஞ்சது எப்பிடி? சடாரெண்டோ, மெல்லவோ?" என்று அவர் கேட்டார்.

"மெல்லத்தான் அண்ணை. ஸ்ரேறிங் ஆடவேயில்லை."

அவர் பெரிய மூச்சொன்றை விட்டுக் கதிரையில் இருந்தார். "மெல்ல இறங்கவேணுமெண்டுதான் செய்தனான். சரியா வருமோ எண்டு எனக்கு ஒரே பயம்" என்றார். என் கணவர் நிலத்தில் குந்திவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். கணவருடைய தோள், கை, விரல் எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று நான் தடவிப் பார்த்தது எனக்கே பிறகுதான் தெரியும்.

தாங்கியை வெறுமையாக்கிப் பேசின் நிறைய எடுத்து வைத்துவிட்டு, "ஆர் இந்தப் பெற்றோலை அடிச்சது?" என்று அவர் கேட்கவும், வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. என் மாமா. கணவரின் தகப்பன். தோட்டக்காரர், முன்கோபி, மகன் என்றால் உயிர். போட்டியின் கதை ரெலிபோனில் எங்கள் வீட்டுக்கு எங்களுக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருக்கிறது. அவருக்குப் பின்னால் ரோட்டில் நின்ற பெடியன்களும் என்ன சங்கதியென்று விடுப்புப் பார்க்க வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்தக் கொட்டகையில் கார் செய்தவர்கள்.

"என்ர பெடியன்ர காரை என்ன செய்தனீர்?" என்று மாமா வந்த வேகத்திலேயே தொடங்கினார். "கடைசியா வந்தவனாம்! வழியில பெற்றோல் முடியக் கூடாதெண்டு நேற்றுப் பின்னேரம் நான்தான் என்ர கையால ஒரு கான் ஊத்தி விட்டனான். அவனுக்குக்கூடச் சொல்லேல்லை. பெற்றோலில குறையில்லை. குறை உம்மட வேலையிலதான்!"

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் தோட்டத்தில் நீர் இறைக்கிற மெசினைப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். கொட்டிலுக்குள் இரண்டுக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கான். காலம் முழுக்க மண்ணெண்ணெய்ப் புகைக்குள் நின்ற மாமாவின் மூக்குக்கு அந்த மணம் மணமே இல்லை. ஆசை ஆசையாக, மகனுக்குத் தெரியாமல், அந்தக் கிழவர் ஊற்றியிருக்கிறார்.

கணவர் எழும்பினார். "அப்பா, அது..."

"ஐயா சொல்லுறது சரி," என்று அவர் குறுக்கே வந்தார். வரும்போதே பேசினைக் காலால் மேசைக்குக் கீழே தள்ளியதை நான் கண்டேன். "பிழை என்னிலதான். பயத்தில கூடக் குறைச்சு வைச்சிட்டன்."

"பயத்திலயோ? ஆம்பிளையே நீர்? ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லுறது. ஊரெல்லாம் சிரிக்குது!"

"ஓம் ஐயா."

"உம்மிட்டக் குடுத்ததுக்கு அவன் மாட்டு வண்டில ஓடியிருக்கலாம்!"

"ஓம் ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பெடியன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். தன் கையால் செய்த காரைப் பற்றி, தன்னிடம் கார் செய்கிறவர்கள் முன்னால், ஒரு தொழிற்காரன் அப்படித் தலை குனிந்து நிற்பதென்றால் என்ன என்று எனக்கு விளங்கியது. அவர் வாய் திறந்து ஒரு சொல், மண்ணெண்ணெய் என்ற ஒரு சொல் சொல்லியிருந்தால் காணும். இடிக்கும் கடலுக்கும் தென்னை மரத்துக்கும் பயந்த மனிதர், இத்தனை பேருடைய சிரிப்புக்குப் பயப்படாமல் நின்றார்.

மாமா காருக்குப் பக்கத்தில் போய் நின்று பெடியன்களோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அந்த மண்ணெண்ணெய்க் கானுக்கு இண்டைக்கே சிவப்பு மை பூசிவிடும். கிழவருக்குச் சொல்லாதேயும். தெரிஞ்சா அந்த மனுசன் இனி நித்திரை கொள்ளாது."

நான் தலையை ஆட்டினேன்.

நல்ல பெற்றோல் விட்டு வீட்டுக்குப் புறப்பட்டோம். மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு மாமா காரில் முன்சீற்றில் ஏறிக்கொண்டார். வழி முழுக்க அந்த மனிதரைத் திட்டிக்கொண்டு வந்தார். நாளைக்கே யாழ்ப்பாணத்தில் வேறு ஆளிடம் குடு என்றார். கணவர் இரண்டு கையாலும் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி, "இல்லை அப்பா, எனக்கு அவரே காணும்" என்றார். பின்னால் இருந்த எனக்குக் கணவருடைய பிடரி தெரிந்தது. வெயிலில் கறுத்து, வியர்த்து, ஒரு கீறல்கூட இல்லாத பிடரி. அதைப் பார்த்துக்கொண்டிருக்கவே எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. கூடவே சிரிப்பும் வந்தது.

மாமா திரும்பிப் பார்த்தார். கோபமெல்லாம் போய், அவர் முகம் இளகிவிட்டது.

"என்ன பிள்ளை, இதுக்குப் போய் அழுறாய்? ஓட்டத்தில தோத்தா என்ன இப்ப? தம்பி பத்திரமா வந்து சேர்ந்திட்டான்தானே."

"ஓம் மாமா," என்றேன். "வந்து சேர்ந்திட்டார்."